இருபத்தோராம் நாள் தண்ணீர்

முதல் பல் ஐந்தாம் பாத்தியில் விழுந்தது. அது தரை சாரின் உதவியாளருடைய முன்பல். அதைக் கழற்றியவர் மேட்டு மேடத்தின் உதவியாளர். பயிரின் உயரம் பார்க்க வைத்திருந்த மீட்டர் கோலால் ஒரே வீச்சு, பல் தெறித்தது. தெறித்த பல்லைத் தேடி இரண்டு பேரும் சேர்ந்து மண்டிபோட்டு மண்ணைக் கிளறியதில், முளைத்து இரண்டு நாளே ஆன கோதுமைப் பயிர் இருபது வேரோடு வந்துவிட்டது.

நிலையத்தில் விசாரணை வைத்தார்கள். பல்லுக்கு அல்ல, பயிருக்கு.

சாட்சி சொல்லக் கூப்பிடப்பட்டவர் மடைக்காரர். வாய்க்காலின் தலைமடையில் இரும்புச் சக்கரத்தைச் சுற்றிப் பலகையை ஏற்றி இறக்குவது அவருடைய வேலை. பதினேழு வருஷமாக அதைத்தான் செய்கிறார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கோதுமை நடவு ஆராய்ச்சி நிலையம் வந்தபோது வாய்க்கால் ஓரம் வேலி போட்டார்கள். மடை வேலிக்குள் போயிற்று. மடையோடு சேர்த்து அவரையும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மடை திறப்பவரை மடையன் என்று அழைப்பதில் தவறு ஏதும் இல்லை என்று இயக்குநர் ஒரு கூட்டத்தில் விளக்கியிருந்தார். அதன் பிறகும் மற்றவர்கள் மரியாதைக்கு மடைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். இயக்குநர் மட்டும் தன் விளக்கப்படியே நடந்தார்.

நிலையத்தில் அந்த வருஷம் பெரிய ஆராய்ச்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கோதுமையைச் சமதரையில் ஒரு சாண் இடைவெளி விட்டு வரிசையாக விதைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. அதன் தலைவர் தரை சார். மண்ணை நீள நீளமான மேடுகளாகக் கட்டி, மேட்டின் தலையில் இரண்டு வரிசை விதைத்து, நடுப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் விட்டால் பாதித் தண்ணீரில் முழு மகசூல் எடுக்கலாம் என்பது இன்னொரு கட்சி. அதன் தலைவி மேட்டு மேடம். இப்படி இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்களே என்று இயக்குநர், மேட்டில் மூன்று வரிசை என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டார். மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் மூன்று பாத்தி. அந்த மூன்றில் ஒன்றுக்கு நாலு தண்ணீர், ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்றே ஒன்று. ஆக மொத்தம் ஒன்பது பாத்தி. தண்ணீர் குறைந்தால் எந்த முறை தாங்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

நாலாம் பாத்தியின் மேட்டு மண் ஒரு விரல் அளவுக்குச் சரிந்து ஐந்தாம் பாத்தியின் தரைக்குள் வந்துவிட்டது. பல் போனது அதனால்தான்.

"யாரு முதல்ல அடிச்சா?" என்று விசாரணையில் கேட்டார்கள்.

"கோல் வச்சிருந்தவருங்க," என்றார் மடைக்காரர்.

"அடிபட்டவர் எந்த வரிசையில நின்னுட்டிருந்தார்?"

"நடு வரிசையிலங்க."

குழு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கேதான் குற்றம் இருந்தது. மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பாத்தியைச் சுற்றியும் ஓர வரிசை என்று இரண்டு வரிசை விடப்பட்டிருக்கிறது. காற்றும் வெளிச்சமும் கூடுதலாகப் படுவதால் ஓர வரிசையின் விளைச்சலை ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லை. எனவே ஊழியர்கள் இனிமேல் தங்கள் கருத்து வேறுபாடுகளை ஓர வரிசையில் மட்டுமே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு நிலையத்தில் ஒழுங்கு வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு கட்சி ஆட்களும் திட்டிக்கொண்டே ஓரம் வரை சேர்ந்து நடந்து போய், அங்கே நின்று, அடித்துக்கொண்டார்கள். ஒருநாள் மேட்டு மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, "இது ஓரம்தானே சார்?" என்று கேட்டதையும், தரை சார் நாடாவை விரித்து அளந்து, "ஓரம்தான் மேடம்," என்று சொன்னதையும் மடைக்காரர் கண்ணால் பார்த்தார். அடுத்த நொடி மேடம் கையிலிருந்த மண் எடுக்கும் குழாயால் தரை சாரின் மூக்கெலும்பை உடைத்தார். ரத்தம் ஓர வரிசையிலேயே விழுந்தது. யாருக்கும் புகார் இல்லை.

இந்தக் கலவரங்களை வெளியாட்கள் பார்த்துவிடக் கூடாதே என்று நிலையம் பன்னிரண்டு காவலர்களை வேலைக்கு எடுத்தது. அவர்களுக்கு ஒரு தலைவர். கழுத்து இருக்க வேண்டிய இடத்திலும் தோளே இருந்த மனிதர். இயக்குநர் அவருக்கு எழுத்தில் கட்டளை கொடுத்தார். 'வேலி அருகே வருபவர்களை இரண்டு அடி தள்ளி நிற்க வைக்கவும்.' தலைவர் அதைக் காவலர்கள் முன்னால் நிதானமாக வாசித்தார். வாசித்துவிட்டுப் பொருளும் சொன்னார்.

"முதல்ல ரெண்டு அடி. அப்புறம் தள்ளணும். அப்புறம் நிக்க வைக்கணும். இதுல யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

யாருக்கும் இல்லை. அன்று மாலைக்குள் தபால்காரருக்கும், வழி கேட்க வந்த ஒரு லாரி ஓட்டுநருக்கும், தலைமை அலுவலகத்திலிருந்து நிலையத்தைச் சோதிக்க வந்த மேலதிகாரிக்கும் இரண்டு அடி கிடைத்தது. மூன்று பேரும் தள்ளப்பட்டார்கள், நிற்க வைக்கப்பட்டார்கள். மேலதிகாரி உதடு வீங்கிய நிலையில் பாதுகாப்பு ஏற்பாடுகள் திருப்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாலாவதாக மாட்டியது மடைக்காரரின் அத்தான்.

மடைக்காரருடைய அக்காவைக் கட்டியவர். மடைக்குக் கீழே, வாய்க்கால் வளைகிற இடத்தில் அவர்களுக்கு நாலு ஏக்கர். ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில்தான் கோதுமை விதைத்திருந்தார்கள், நிலையமும் அதே வாரம்தான். விதைத்துப் பதினைந்தாம் நாள் அத்தான் வேலிக்கு வந்து, "என் மச்சானைக் கொஞ்சம் கூப்பிடுங்க, தண்ணி எப்ப வரும்னு கேக்கணும்," என்றார். காவலர்கள் இரண்டு முழங்காலிலும் ஒவ்வொன்று கொடுத்து, முள்வேலியில் தள்ளி, வெயிலில் நிற்க வைத்தார்கள். எவ்வளவு நேரம் என்று கட்டளையில் இல்லாததால் வேலை முடிகிற மணி அடிக்கும் வரை நின்றார்.

மடைக்காரர் மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். முழங்கால் இரண்டும் கன்றிப்போய், முதுகில் முள் கிழித்த கோடுகள் பாத்தி கட்டியதுபோல இருந்தன. அக்கா வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"உன் ஆபீஸ்காரங்க கைவரிசையைப் பாத்தியாடா," என்றாள்.

"நான் அந்தப் பக்கம் இல்லக்கா. மடைகிட்ட நின்னேன்."

"நீ எப்பவும் மடைகிட்டதான் நிப்ப."

அத்தான் சிரித்தார். சிரித்தால் முதுகு வலித்தது. "விடு. கால் தானா ஆறிடும். பயிர் ஆறாது. மாப்ளே, இன்னைக்குப் பதினாறு. இருபத்தோராம் நாள் தூர்ல புது வேர் இறங்கும். அன்னைக்கு மண்ணுல ஈரம் இல்லன்னா அப்புறம் ஆத்தையே திருப்பி விட்டாலும் ஒத்தைத் தண்டா நிக்கும். பின்னால எந்தத் தண்ணி வேணும்னாலும் போகட்டும், வானம் பாத்துக்கும். அந்த ஒரு தண்ணி மட்டும் கேட்டு வாங்கிக் குடு."

"பதினேழு வருஷமா நான்தானே திறக்குறேன் அத்தான். இந்த வருஷம் மட்டும் ஏன் விடாமப் போவாங்க."

அவர் அதை முழு மனசோடுதான் சொன்னார். நிலையத்துக்குத் தண்ணீர் எடுக்கும் குழாய் மடைக்கு மேலே இருந்தது. மடை மூடியிருந்தால்தான் வாய்க்காலில் மட்டம் ஏறிக் குழாய்க்குத் தண்ணீர் எட்டும். ஊருக்கு ஒருநாள், நிலையத்துக்கு ஒருநாள் என்று பங்கு வைத்தால் இரண்டு பக்கமும் சரியாகப் போகும் என்று அவர் மனதுக்குள் அட்டவணைகூடப் போட்டு வைத்திருந்தார்.

பத்தொன்பதாம் நாள் இயக்குநர் அறைக்குப் போனார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் காய்ந்த கதிர்கள் அடுக்கியிருந்தன. சுவரை அடைத்து ஒரு வரைபடம். இயக்குநர் ஒரு கதிரை எடுத்துக் காது குடைந்துகொண்டிருந்தார்.

"சார், நாளன்னைக்கு ஊருக்கு மடையைத் திறக்கணுங்க. இருபத்தோராம் நாள்."

"வா மடையா. நீ கேப்பன்னு எனக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பாரு."

படத்தில் ஒன்பது பச்சைக் கட்டங்கள். கீழே பத்தாவதாக ஒன்று, ஒன்பதையும் சேர்த்தாலும் வராத அளவுக்குப் பெரியது, பழுப்பு நிறம். அதன் ஒரு பக்கம் உள்ளே வளைந்திருந்தது. மடைக்காரர் அந்த வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிறு வயதில் அந்த வளைவில் அக்காவும் அவரும் நண்டு பிடித்திருக்கிறார்கள்.

"இது எங்க ஊர் வயல் மாதிரி இருக்குங்களே."

"மாதிரி இல்ல, அதேதான். தண்ணியே இல்லாத பாத்தி ஒண்ணு வேணும். அப்பதானே தண்ணி விட்டதால என்ன லாபம்னு சொல்ல முடியும்? அதை இங்கேயே போட்டா நம்ம நிலம் வீணாகும். உங்க ஊர் வயல் சும்மாதானே கிடக்கு."

"சும்மா இல்லிங்க. விதைச்சிருக்காங்க."

"அதான் வசதி. விதை நம்ம செலவு இல்ல, உழவு நம்ம செலவு இல்ல. இந்த மாதிரி ஒரு ஒத்துழைப்பு எந்த நாட்டு விஞ்ஞானிக்கும் கிடைக்காது."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா சார்?"

"சொன்னா முடிவு கெட்டுடும்ப்பா. தெரிஞ்சா அழுவாங்க, குடத்துல மொண்டு ஊத்துவாங்க. அந்தப் பயிர் சாகணும். ஒழுங்கா, ஒரே மாதிரி சாகணும். அரைகுறையா செத்தா கணக்கு போடுறவர் ஒத்துக்க மாட்டார்." இயக்குநரின் குரல் கனிந்தது. "நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. அறிக்கையில அவங்களுக்கு நன்றி சொல்லி ஒரு வரி போடச் சொல்லியிருக்கேன்."

மடைக்காரர் வெளியே வந்து மரத்தடித் தொட்டியில் முகம் கழுவினார். திரும்பவும் கழுவினார். பிறகு நேராக அக்கா வீட்டுக்குப் போய்ப் படத்தில் கண்டதைச் சொன்னார். சொல்லி முடித்தபோது அத்தான் எழுந்து உட்கார்ந்திருந்தார். அக்கா மண்வெட்டியை எடுத்துப் பிடி ஆடுகிறதா என்று பார்த்தாள்.

இருபத்தோராம் நாள் காலையில் நிலையத்தில் விழா. முதல் தண்ணீர் விடுவதை இயக்குநரே தொடங்கி வைப்பதாக இருந்தது. மேடை, ஒலிபெருக்கி, குழாய்த் திறப்பில் நாடா. வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே வந்து நின்றது. எல்லோரும் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள். தண்ணீர் கேட்கப் போகிறவன் கையில் மண்வெட்டி இருப்பது வழக்கம்தான். ஆனால் காவலர் தலைவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"விவசாயிதான் என் கடவுள்," என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் தொடங்கினார். "கடவுளை நாம் கோவிலில் வைக்கிறோம். பாத்திக்குள் விடுவதில்லை."

அத்தான் வேலியைத் தாண்டியது அப்போதுதான். முழங்கால் மடங்காததால் தாண்டினார் என்பதைவிட விழுந்து உள்ளே வந்தார் என்பதே சரி. எழுந்து மடையை நோக்கி நொண்டிக்கொண்டே நடந்தார். வழியில் ஏழாம் பாத்தி. அவர் பயிரை மிதிக்காமல் பள்ளத்தில் கால் வைத்துத்தான் போனார். எட்டுப் பேர் அவரைச் சூழ்ந்தார்கள். முதல் கம்பு தோளில் விழுந்தது.

"ஓர வரிசை," என்று ஒலிபெருக்கி பதறியது. "தம்பிகளா, ஓர வரிசைக்குக் கொண்டு போங்க. நடுப் பாத்தியில வேண்டாம்."

காவலர்கள் கட்டுப்பாடானவர்கள். கம்பை நிறுத்திக்கொண்டு, அத்தானைத் தலைமுடியில் பிடித்து ஓரம் வரை இழுத்துப் போனார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவில் மல்லாத்திப் படுக்க வைத்தார்கள். வலது கால் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் குனிந்து அதை மடக்கி வெளியே எடுத்து வைத்தார். பிறகு அடித்தார்கள். வயிற்றில், விலாவில், முகத்தில், முகத்தை மறைத்த கைகளில். உமி மூட்டையைத் தட்டுவது போன்ற சத்தம்தான் முதலில் வந்தது. நடுவில் ஒரு அடிக்கு வேறு சத்தம் வந்தது. சுரைக்காயைக் கல்லில் போட்டது போல. அதற்குப் பிறகு அத்தான் கைகளால் முகத்தை மறைக்கவில்லை.

மடைக்காரர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது. என்ன நடந்தது என்று புரியவில்லை, அல்லது புரிந்துவிட்டதால் அவருக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. கை தானாகச் சக்கரத்தை இடப்பக்கம் சுற்றத் தொடங்கியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பலகைக்கு அடியில் தண்ணீர் சீறியது.

காவலர் தலைவர் ஓடி வந்து கம்பைச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே செருகினார். தண்ணீரின் அழுத்தத்தில் சக்கரம் பின்னால் உதைத்து நின்றது. மடைக்காரரின் வலது கை சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியது. சுண்டுவிரலும் மோதிர விரலும் அங்கேயே போயின. கத்த வேண்டும் என்று தோன்றியபோது அவர் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தார்.

அக்கா வேலியை எப்படித் தாண்டினாள் என்பதை யாரும் பார்க்கவில்லை. மண்வெட்டியின் பின்புறத்தால் தலைவரின் தோளில் போட்டாள். அவர் திரும்பி அவளை மார்பில் உதைத்துக் கரையில் தள்ளினார். அந்த இடைவெளியில் மடைக்காரர் இடது கையால் கம்பை உருவி எடுத்தார். அவர் வாழ்நாளில் ஒரு நாயைக்கூட அடித்ததில்லை. முதல் அடி தலைவரின் கணுக்காலில். அவர் குனிந்தார். இரண்டாவது காதுக்குப் பின்னால். மூன்றாவது தாடையில், கீழிருந்து மேலாக. எலும்பு கம்பு வழியாகத் தன் கைக்குள் நொறுங்குவதை மடைக்காரர் உணர்ந்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது. அது பிடித்திருந்ததுதான் பின்னாளில் அவரைப் பல நாள் சாப்பிட விடாமல் செய்தது.

அதற்குள் வேலி சாய்ந்துவிட்டது. ஊர்க்காரர்கள் காவலர்கள் மேல் விழுந்தார்கள். தரை சாரின் ஆட்கள், இது மேட்டு மேடம் ஏற்பாடு செய்த கூட்டம் என்று நினைத்து அவருடைய ஆட்கள் மேல் விழுந்தார்கள். மேடை கவிழ்ந்தது. ஒலிபெருக்கி கடைசி வரை, "பாத்தியைப் பாத்துக்குங்க, பாத்தியைப் பாத்துக்குங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மடைக்காரர் சக்கரத்தை முழுதாகச் சுற்றிவிட்டுத்தான் மயங்கி விழுந்தார்.

பலகை உச்சியில் போய் இறுகிக்கொண்டது. ஒன்றரை நாள் யாராலும் இறக்க முடியவில்லை. தண்ணீர் ஊர் வயல் எல்லாம் போய்ச் சேர்ந்தது. மட்டம் இறங்கியதால் நிலையத்துக் குழாய்க்குச் சொட்டுக்கூட எட்டவில்லை. ஒன்பது பாத்தியும் இருபத்தோராம் நாளைக் காய்ந்தபடி கழித்தன. பதினொரு மண்டை, நாலு கை, ஒரு தாடை உடைந்தன. அத்தானை அன்று மத்தியானமே புதைத்தார்கள். புதைத்துவிட்டு வந்து அக்கா வயலுக்குள் இறங்கித் தண்ணீர் எட்டாத மூலைக்கு வாய்க்கால் வெட்டிவிட்டாள்.

மருத்துவமனையில் கட்டில் ஓரமாக நாற்காலி போட்டு விசாரணை நடந்தது. வந்தவர் மேலதிகாரி. உதட்டு வீக்கம் வடிந்திருந்தது.

"காவலர் தலைவரை எத்தனை அடி அடிச்சீங்க?"

"மூணுங்க."

"அடிக்கு அடி எவ்வளவு இடைவெளி?"

மடைக்காரர் யோசித்தார். அவருக்கு எதையும் சரியாகச் சொல்லித்தான் பழக்கம். "முதலுக்கும் ரெண்டுக்கும் ஒரு மூச்சு. ரெண்டுக்கும் மூணுக்கும் அரை மூச்சுங்க."

"ம். குறைந்த எண்ணிக்கை, சரியான இடம், சரியான நேரம்." மேலதிகாரி எழுதிக்கொண்டார். "காவலர்கள் உங்க அத்தானுக்குக் கொடுத்தது நாப்பதுக்கு மேல. சீரே இல்ல, வீசி விதைச்ச மாதிரி. நல்ல உழைப்பு, வீண்."

"வீணா சார்? ஆள் செத்துட்டாரு."

"அதுக்கு நாப்பது தேவையில்லைன்னு சொல்றேன்."

மடைக்காரர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "அவரை எந்த இடத்துல எழுதுவீங்க சார்?"

"எழுத முடியாது. ஏழாம் பாத்தி ஓர வரிசையில நடந்திருக்கு. ஓர வரிசை கணக்குல வராது. சுற்றறிக்கை நீங்களும் படிச்சிருப்பீங்களே."

"படிச்சேங்க." போர்வையை நெஞ்சுவரை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்ப நான் தலைவரை அடிச்சது வாய்க்கால் கரையில. அது ஓரத்துக்கும் ஓரம்."

மேலதிகாரியின் பேனா நின்றது. அவர் சுற்றறிக்கையை எடுத்து மறுபடி வாசித்தார். வராந்தாவுக்குப் போய் உடன் வந்தவர்களிடம் கிசுகிசுத்துவிட்டுத் திரும்பினார். வேறு வழி இல்லை. மடைக்காரர் யாரையும் அடிக்கவில்லை என்று முடிவாயிற்று. வேலையும் திரும்பக் கிடைத்தது.

அக்காவிடம் அதைச் சொன்னபோது அவள் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அத்தானைக் காணாமல் அடித்த அதே காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கரையேறியிருந்தார்.

"அவரை எழுதலைன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"எழுதலக்கா."

"சரி, விடு. நமக்குத் தெரியும்."

அதன் பிறகு நிலையம் பலகையைச் சரிபண்ணி இறக்கிவிட்டது. ஊருக்கு வேறு தண்ணீர் வரவில்லை. ஆனாலும் அந்த ஒரே தண்ணீரில் பயிர் தூர் வெடித்து நின்றது. அறுப்புக்கு வந்தபோது, நிலையத்தில் பின்னால் தண்ணீர் காட்டிய பாத்திகளை விட ஊர் வயலில் தண்டு குட்டை, கதிர் கனம். அக்காவின் வயலைச் சோதிக்க மேட்டு மேடமும் தரை சாரும் ஆட்களோடு வந்தார்கள். ஒரு மீட்டர் சதுர இரும்புச் சட்டத்தைப் பயிர்மேல் வைத்து, உள்ளே விழுந்ததை அறுத்து, உதிர்த்து, நிறுத்தார்கள். நிறுத்தவர் தராசைத் தட்டிவிட்டு மறுபடி நிறுத்தார்.

"எந்த நடவு முறைம்மா இது?" என்றார் தரை சார்.

"கையால வீசுனதுங்க."

"வரிசை?"

"வரிசை இல்ல."

"இடைவெளி?"

"அவரு கை விட்டபடி."

"பாத்தீங்களா, மேடு இல்லாமலே வந்திருக்கு. இது தரைதான்," என்றார் தரை சார்.

"வரிசை இல்லாமலே வந்திருக்கு. உங்க வரிசைதான் செத்துது," என்றார் மேட்டு மேடம்.

இரண்டு பேரும் சுற்றறிக்கையை மதிப்பவர்கள். ஓர வரிசையைத் தேடிக்கொண்டு வயலைச் சுற்றி வந்தார்கள். வரிசையே இல்லாத வயலில் ஓர வரிசை எங்கே இருக்கும்? கடைசியில் பொறுமை இழந்து நட்ட நடுவிலேயே தொடங்கிவிட்டார்கள். உதவியாளர்களும் சேர்ந்துகொள்ள, விளைந்து நின்ற பயிர் மிதிபட்டுப் படுத்துவிட்டது. அக்கா பெண்களைக் கூப்பிட்டாள். அறுப்புக்கு வந்த இருபது பேர், இருபது அரிவாள். யாரும் சத்தம் போடவில்லை, அறுத்துக்கொண்டே வருகிற மாதிரி குனிந்தபடி வந்தார்கள். தரை சார் இடது காதின் பாதியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மேட்டு மேடத்தின் பின்னல் தோள்வரைதான் மிஞ்சியது. இரும்புச் சட்டத்தை எடுத்துப் போக யாருக்கும் நினைவு வரவில்லை.

அறிக்கை வெளிவந்தது. குறைந்த தண்ணீரில் கோதுமையைக் காப்பாற்ற இருபத்தோராம் நாள் பாசனமே உயிர்நாடி என்று நிலையம் கண்டுபிடித்திருந்தது. கண்டுபிடித்தவர் இயக்குநர். அடுத்த பருவத்துக்குத் திட்டமும் தயார். அதே ஊர், அதே பத்தாவது கட்டம், இந்த முறை உறுதியாகத் தண்ணீர் இல்லை. மடைக்குப் புதுப் பலகை, புதுச் சக்கரம், காவலுக்கு இருபத்துநாலு பேர். 'மடையை யாரும் தொடக் கூடாது' என்று கட்டளை.

ஊர்க்காரர்கள் மடையைத் தொடவில்லை.

ஆறு நாள் வேலை நடந்தது, பட்டப்பகலில். அக்கா முதல் கடப்பாரையைப் போட்டாள். மடைக்கு இரண்டு பக்கமும் கரையை, கல் கல்லாக, ஊரே பெயர்த்து எடுத்தது. காவலர்கள் கம்போடு நின்று கவனித்தார்கள். ஒருத்தர் மடைக்கு ஒரு முழம் தள்ளி இடித்தபோது தாடைக்குக் கம்பி கட்டிய தலைவர் நாடா பிடித்து அளந்து, போகலாம் என்று தலையசைத்தார். மடைக்காரர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சக்கரத்துக்கு எண்ணெய் போட்டார்.

ஏழாம் நாள் மடை மூடும் விழா. பழைய தண்டவாளம் போல நட்டமாக நின்ற இரும்புச் சட்டத்தில் மாலை போட்டிருந்தார்கள். இயக்குநர் நாடா வெட்டினார். "அறிவியல் எந்த வன்முறைக்கும் அஞ்சாது," என்று பேசினார். கைதட்டினார்கள். மடைக்காரர் எட்டு விரலால் சக்கரத்தை வலப்பக்கம் சுற்றினார். இலேசாகச் சுற்றியது. பதினேழு வருஷத்தில் ஒருநாளும் பலகை அப்படிச் சுலபமாக இறங்கியதில்லை. அதன்மேல் தண்ணீரின் கனமே இல்லை. சட்டத்தின் இந்தப் பக்கமாகவும் அந்தப் பக்கமாகவும் வாய்க்கால் அகலமாக, அவசரமில்லாமல் ஊர் வயலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கீழே வளைவில் அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று மண்வெட்டியால் வரப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பலகை தரையைத் தொட்டது. மறுபடியும் கைதட்டினார்கள். இயக்குநர் குனிந்து தன் காலைப் பார்த்தார். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"ஏம்ப்பா, இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"மடை மூடியாச்சு சார்," என்றார் மடைக்காரர்.

"முழுசா?"

"முழுசா சார். எழுதிக்கலாம்."

எழுதிக்கொண்டார்கள்.